யானை வேலியும் நமது பொறுப்பும்



கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய ஊர்களின் மக்கள் 1984ஆம் ஆண்டின் இறுதியில் உடுத்த உடையுடன் ஊரைவிட்டு வெளியேறினார்கள். அளம்பிலிலும் முள்ளியவளையிலும் இன்னும் பல இடங்களிலும் கால் நூற்றாண்டுக்கு மேல் அகதிகளாக வாழ்ந்து, 2009இல் போர் முடிந்த பின்னரே படிப்படியாகத் திரும்பினார்கள். திரும்பியும் தமது பழைய வயலில் கால் வைக்க முடியாதவர்கள் பலர். அந்த நீண்ட காலத்தில் வயல்கள் பற்றையாகி, பற்றைகள் காடாகின. வரம்பு இருந்த இடத்தில் மரம் நின்றது. அந்தக் காட்டை யானை தனது இடமாக்கிக்கொண்டது. ஆகவே திரும்பி வந்த கமக்காரனை முதலில் சந்தித்த அயலவன் யானைதான்.

கடன் வாங்கி உழுது, விதைத்து, உரம் போட்டு, கதிர் முற்றும் நாளில் ஒரே இரவில் ஒரு யானைக் கூட்டம் வந்து போனால் அந்தக் குடும்பத்தின் ஆண்டு முழுவதும் போய்விடும். வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ உணவு உண்ணும். அது தின்பதைவிட மிதிப்பதே அதிகம். இந்த வேதனையில் சிலர் தவறான வழியொன்றைத் தேடுகிறார்கள். வீட்டு மின்சாரத்தையே கம்பியில் விட்டுவிடுகிறார்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை பேசுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் வன்னியிலுள்ள ஒரு கிராமத்தில் அடக்கச் சடங்கு ஒன்றை நடத்தினேன். இறந்தவர் முப்பத்தெட்டு வயதுக் குடும்பஸ்தர். விடியப்புறம் கட்டவிழ்ந்த மாட்டைத் தேடிப் போனவர், தம்பியாரின் தோட்டத்தில் பன்றிக்கு இழுத்திருந்த கம்பியில் கால்பட்டு இறந்தார். சேமக்காலையில் அந்தத் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சுவாமி, நான் பண்டிக்குத்தானே போட்டனான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்கு என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை. அந்த மறுமொழியின் ஒரு பகுதியையேனும் இங்கே எழுத முயல்கிறேன்.

நாட்டின் நிலை

2011இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி இலங்கையில் 5,879 காட்டு யானைகள் இருந்தன. 2019ஆம் ஆண்டில் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 120க்கு மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் மாண்டனர். யானைகள் நடமாடும் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட இடத்தில் மனிதர்களும் வாழ்கிறார்கள். யானை காட்டிலும் மனிதன் ஊரிலும் என்று கோடு கிழித்துப் பிரிக்கக்கூடிய நாடு இதுவன்று. எனவே வேலி வேண்டும். அந்த வேலி யானையைத் திருப்பி அனுப்புவதாக இருக்கவேண்டும். எவரையும் கொல்வதாக இருக்கக்கூடாது.

இரண்டு வகை மின்சாரம்

"யானை வேலியிலும் கரன்ட்தான், வீட்டிலும் கரன்ட்தான். அதில் எண்ணாயிரம் வோல்ற், இதில் 230 வோல்ற். அப்படியானால் வீட்டுக் கரன்ட்தானே பாதுகாப்பு?" என்று ஒரு கமக்காரர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. கொல்லுவது வோல்ற் மாத்திரமல்ல. உடலுக்குள் எவ்வளவு மின்னோட்டம், எவ்வளவு நேரம் பாய்கிறது என்பதே முக்கியம்.

வீட்டு மின்சாரம் இடைவிடாமல் பாய்கிறது. ஓர் அம்பியரில் நூறில் ஒரு பங்கு, அதாவது 10 மில்லி அம்பியர் அளவு பாய்ந்தாலே தசைகள் இறுகிவிடும். பிடித்த கம்பியை விட முடியாது. அதன் மூன்று மடங்கு, நான்கு மடங்கு சில விநாடிகள் மார்பினூடாகப் பாய்ந்தால் இதயத்தின் ஒழுங்கான துடிப்பே குழம்பிவிடலாம். ஈரக்காலுடன் சேற்றில் நிற்பவரின் உடற்தடை ஏறத்தாழ 1,000 ஓம் எனக் கொண்டால், 230 வோல்ற் அவருள் 230 மில்லி அம்பியர் செலுத்தும். அதாவது உயிரைப் பறிக்கப் போதுமான அளவைப்போல் பல மடங்கு.

யானை வேலிக்கான பெட்டியில் வோல்ற் உயர்ந்தது. ஆனால் மின்சாரம் ஒரு துடிப்பாக வந்து உடனே நின்றுவிடும். அந்தத் துடிப்பு ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்த நேரமே இருக்கும். அடுத்த துடிப்புக்கு ஏறத்தாழ ஒரு விநாடி இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் மனிதன் கையை எடுத்துவிடலாம். யானை தும்பிக்கையை இழுத்துக்கொள்ளலாம். கடுமையான வலி உண்டு. அந்த வலியே யானைக்குப் பாடம்.

சிலர் கம்பிக்கு முன் ஒரு மின்குமிழைத் தொடராக இணைத்துவிட்டு, "கரன்ட்டைக் குறைத்துவிட்டோம்" என்று நினைக்கிறார்கள். 60 வாற் குமிழ் ஒன்றினூடாக 260 மில்லி அம்பியர் வரை பாயும். அதுவும் கொல்லும். பற்றரியில் இன்வேட்டர் பொருத்தி 230 வோல்ற் எடுப்பதும் அதே ஆபத்துத்தான். வீட்டிலுள்ள ட்ரிப் சுவிட்ச் காப்பாற்றும் என்பதும் வீண் நம்பிக்கை. வேலிக் கம்பியில் புல் பட்டாலே ட்ரிப் விழும். விழுகிறதே என்று அதை விலக்கிவிட்டுக் கம்பியைத் தொடுக்கிறவர்களே அதிகம். இவ்வாறு வேலிக்கு மின்சாரம் எடுப்பது சட்டப்படியும் குற்றம். யானை இறந்தால் வனசீவராசிகள் சட்டத்தின் கீழும் வழக்கு வரும்.

பெட்டிக்குள் நடப்பது

கடைக்காரர் எனர்ஜைசர் என்று சொல்லும் இந்தப் பெட்டி நியூசிலாந்தின் மாட்டுப் பண்ணைகளில் 1930களில் பரவத் தொடங்கியது. 1962இல் அங்குள்ள ருவாக்குரா விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் டக் பிலிப்ஸ் என்பவர், கொள்ளளவியில் மின்னைச் சேர்த்து ஒரே கணத்தில் விடுவிக்கும் முறையை உருவாக்கினார். கம்பியில் சிறிது புல் பட்டாலும் வேலி செயலிழக்காமல் இருக்க அது வழி செய்தது. இன்று நம்மிடம் வரும் பெட்டிகளும் அதே முறையிலேயே இயங்குகின்றன.

கிணற்றில் வாளி நிறையும்வரை பொறுத்திருந்து ஒரே வீச்சில் ஊற்றுவதைப் போன்றது அது. 12 வோல்ற் பற்றரியிலிருந்து மின் சிறிது சிறிதாகக் கொள்ளளவியில் நிறைகிறது. நிறைந்ததும் ஓர் இலத்திரன் ஆளி திறக்கிறது. நிலைமாற்றி அதனைப் பல ஆயிரம் வோல்றாக உயர்த்திக் கம்பிக்கு அனுப்புகிறது. துடிப்பின் பலத்தை யூல் என்ற அலகால் அளப்பர். ஐ.ஈ.சி. 60335-2-76 என்ற சர்வதேச நியமத்தின்படி, 500 ஓம் தடையில் அளக்கும்போது ஒரு துடிப்பின் சக்தி 5 யூலைத் தாண்டக்கூடாது. பெட்டி வாங்கும்போது இந்த இலக்கம் அதில் உள்ளதா என்று பாருங்கள். சில பெட்டிகளில் உள்ளே சேமிக்கும் யூலைப் பெரிதாக எழுதியிருப்பார்கள். நமக்கு வேண்டியது வெளியே வரும் யூல். கடையில் அதையே கேளுங்கள்.

பழைய வானொலிப் பாகங்களையும் மோட்டார் சைக்கிள் கொயிலையும் கொண்டு வீட்டில் செய்யும் பெட்டிகளை நம்பவேண்டாம். ஆளி சிக்கிக்கொண்டால் துடிப்பு நிற்காமல் தொடரும். மெயின் மின்சாரத்தில் இயங்கும் கைவேலைப் பெட்டி பழுதானால் 230 வோல்ற் அப்படியே வேலிக்குப் போகலாம்.

வேலி ஏன் வேலை செய்யவில்லை?

"பெட்டி டிக் டிக் என்று அடிக்குது, யானை வேலியை மிதிச்சுக்கொண்டு வருது" என்ற முறைப்பாட்டை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் பெட்டியில் பிழை இல்லை. பிழை நான்கு இடங்களில் இருக்கும்.

முதலாவது, நிலத்தொடுப்பு. துடிப்பு கம்பியிலிருந்து யானையின் உடலினூடாக நிலத்துக்கு இறங்கி, எர்த் கம்பி வழியாகப் பெட்டிக்குத் திரும்பவேண்டும். திரும்பும் பாதை இல்லாவிட்டால் அடி இல்லை. 2 மீற்றர் நீளமான கல்வனைஸ் கம்பிகள் மூன்றையாவது 3 மீற்றர் இடைவெளியில் அடித்து ஒன்றாகத் தொடுக்கவேண்டும். கொக்கிளாய்க் கரையின் மணல் கோடையில் நன்றாகக் காய்ந்துவிடும். காய்ந்த மணல் மின்னைக் கடத்தாது. வாய்க்கால் ஓரம், குளத்தின் கீழ்ப்பக்கம் போன்ற ஈரமான இடத்தில் எர்த்தை அடியுங்கள். அப்படி இடமில்லையானால் வேலியிலேயே ஒரு கம்பிக்கு மின்னும் அடுத்த கம்பிக்கு எர்த்துமாக மாறி மாறித் தொடுக்கலாம். இரண்டையும் ஒன்றாகத் தொடும் யானைக்கு மணல் காய்ந்திருந்தாலும் அடி விழும்.

எர்த் சரியா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. பெட்டியை நிறுத்துங்கள். அதிலிருந்து 100 மீற்றருக்கு அப்பால் சில இரும்புக் கம்பிகளை நிலத்தில் ஊன்றி வேலிக் கம்பியில் சாத்துங்கள். பெட்டியைப் போட்டு வேலியை அளந்தால் 2,000 வோல்றுக்குக் கீழ் இறங்கியிருக்கவேண்டும். இறங்காவிட்டால் மீண்டும் நிறுத்தி இன்னும் கம்பிகளைச் சாத்துங்கள். இப்போது எர்த் கம்பிக்கும், அதிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி நிலத்தில் குத்திய ஆணிக்கும் இடையே அளந்து பாருங்கள். 300 வோல்றுக்கு மேல் காட்டினால் எர்த் போதாது. இன்னும் கம்பிகள் அடிக்கவேண்டும். இதற்கு மின்வேலிக்கென்றே உள்ள மீற்றர் வேண்டும். சாதாரண மின்மீற்றர் துடிப்பைச் சரியாகக் காட்டாது, பழுதாகவும் கூடும்.

இரண்டாவது, கசிவு. கம்பியில் படும் ஒவ்வொரு கொடியும் ஒவ்வொரு புல்லும் துடிப்பில் கொஞ்சத்தைக் குடிக்கும். மாரி மழையில் ஒரு கிழமை துப்புரவு செய்யாவிட்டால் போதும். வேலியின் கடைசி முனையில் 5,000 வோல்றுக்குக் குறையாமல் இருக்கவேண்டும். குறைந்தால் நடந்து சென்று பாருங்கள். இரவில் கட்டைகளில் பொறி தெரிந்தால் அங்கே இன்சுலேற்றர் வெடித்திருக்கும்.

மூன்றாவது, தொடுப்புகள். செப்புக் கம்பியையும் கல்வனைஸ் கம்பியையும் முறுக்கிக் கட்டினால் சில மாதங்களில் அரித்துவிடும். கடற்காற்று வீசும் இடத்தில் இன்னும் விரைவு. ஒரே வகைக் கம்பியைக் கொண்டு, பூட்டாணி போட்டு இறுக்குங்கள். படலையின் கீழ் நிலத்துக்குள் போகும் வயர் உயர் வோல்றுக்கென்று செய்த, தடித்த உறையுள்ள வயராக இருக்கவேண்டும். வீட்டு வயரின் உறை இவ்வளவு வோல்றைத் தாங்காது.

நான்காவது, யானையின் புத்தி. யானை கட்டையைத்தான் முதலில் காலால் தள்ளிப் பார்க்கும். மரத்தை முறித்துக் கம்பியில் போடவும் பழகிவிடும். ஆகவே கட்டைகள் உட்புறமும் கம்பி யானை வரும் பக்கமும் இருக்கட்டும். இன்சுலேற்றரில் தாங்கிய ஒரு கம்பியைக் கட்டையின் வெளிப்பக்கமாகவும் கொண்டு செல்லுங்கள். வேலியோரம் விழக்கூடிய மரங்களைக் கவனியுங்கள்.

பற்றரிக் கணக்கு

ஓர் உதாரணம். உங்கள் பெட்டி 8 வாற் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 24 மணித்தியாலத்துக்கு 192 வாற்-மணி. 12 வோல்ற் பற்றரியில் அது 16 அம்பியர்-மணி. மூன்று நாள் வெயில் இல்லாவிட்டால் 48 அம்பியர்-மணி செலவாகும். ஈயப் பற்றரியைப் பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும்; எனவே 100 அம்பியர்-மணிப் பற்றரி வேண்டும். 50 வாற் சோலர் தகடு நாளுக்கு நான்கு மணித்தியால நல்ல வெயிலில் 200 வாற்-மணி தரும். கோடையில் அது மட்டுமட்டாகப் போதும். பெரும்போகம் விளையும் கார்த்திகை, மார்கழியில் போதாது. ஒன்றில் தகட்டைப் பெரிதாக்க வேண்டும்; அல்லது பின்னேரம் 5 மணியிலிருந்து காலை 7 மணிவரை மட்டும் பெட்டியைப் போடவேண்டும். அப்படிச் செய்தால் செலவு 112 வாற்-மணியாகக் குறையும்.

தகட்டைத் தெற்கு நோக்கி, சுமார் 10 பாகை சரிவில் பொருத்துங்கள். ஒரு கிளையின் நிழல் விழுந்தாலும் மின் குறைந்துவிடும். கிழமைக்கொருமுறை தூசியைத் துடையுங்கள். பற்றரிக்குக் காய்ச்சி வடித்த நீரையே விடுங்கள். பற்றரி வைத்த பெட்டிக்குக் காற்றோட்டம் வேண்டும். அருகில் விளக்குக் கொளுத்தவேண்டாம்.

உயிர் காக்கும் விதிகள்

1. முட்கம்பியில் ஒருபோதும் மின் விடாதீர்கள். சிக்கியவர் விடுபட முடியாமல் துடிப்புக்குமேல் துடிப்பு வாங்குவார்.

2. ஒரே வேலிக்கு இரண்டு பெட்டிகளைத் தொடுக்காதீர்கள். ஓய்வு இடைவெளி இல்லாமற் போகும். வெவ்வேறு பெட்டிகளில் இயங்கும் இரு வேலிகளுக்கிடையே இரண்டரை மீற்றராவது இருக்கட்டும்.

3. வேலியின் எர்த், வீட்டு மின்சாரத்தின் எர்த்திலிருந்து 10 மீற்றருக்கு அப்பால் இருக்கவேண்டும்.

4. மின்சார லைனுக்குக் கீழே கூடுமானவரை வேலியைக் கொண்டு செல்லாதீர்கள். லைன் அறுந்து வேலியில் விழுந்தால் வேலி முழுவதும் மரணக் கம்பியாகும்.

5. பாதைகளிலும் படலைகளிலும் மஞ்சள் நிற எச்சரிக்கைப் பலகை தொங்கட்டும். பிள்ளைகளுக்கு வேலியைக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள். இதயத்தில் கருவி பொருத்தியவர்கள் கம்பியைத் தொடவே கூடாது.

6. இடிமின்னல் வேளையில் வேலியைத் தொடாதீர்கள். மழை தொடங்குமுன் பெட்டியை வேலியிலிருந்து கழற்றிவிடுவது நல்லது. இடிதாங்கிப் பாகத்தையும் பொருத்துங்கள்.

7. யானைக்கான வேலியில் தரையோடு ஒட்டிய கம்பி தேவையில்லை. தாழ்ந்த கம்பியில் ஆமையும் அழுங்கும் சுருண்டு கிடந்தே இறக்கும்.

8. கட்டை நடும்போது அவதானம். நமது மண் போர் நடந்த மண். கண்ணிவெடி அகற்றி முடிந்ததென உறுதி செய்யாத இடத்தில் அலவாங்கு போடாதீர்கள். 2023 ஜூன் இறுதியில் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிவந்ததை நாம் அறிவோம். எதுவாயினும் வெளிப்பட்டால் உடனே நிறுத்தி, தொடாமல், கிராம சேவையாளருக்கும் பொலிசாருக்கும் அறிவியுங்கள்.

வேலி எங்கே நிற்கவேண்டும்?

பல ஆண்டுகளாக நமது நாட்டில் யானை வேலிகள் காட்டுத் திணைக்களங்களின் எல்லைக் கோட்டிலேயே போடப்பட்டன. கோட்டின் இரு பக்கமும் காடு; இரு பக்கமும் யானை. அந்த வேலியால் ஊருக்குப் பயனில்லை. பராமரிக்க ஊரவர் எவரும் அங்கே போவதுமில்லை. கலாநிதி பிரித்திவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020இல் தயாரித்த தேசிய செயற்றிட்டம் வேறு வழியைக் கூறியது. ஊரைச் சுற்றி நிரந்தர வேலி. வயலைச் சுற்றிப் போகவேலி. இரண்டையும் அதனால் பயன்பெறும் மக்களே பராமரிக்கவேண்டும். போகவேலியை விதைப்பின்போது போட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றிவிடவேண்டும். வயலில் எஞ்சும் அடித்தாளைக் கோடையில் யானை வந்து மேய்ந்து போகட்டும். அதுவும் பசியோடிருக்கும் காலம் அது.

காணி எல்லை இன்னும் தீராத இடங்களில் எந்தக் காணியில் வேலி போடுவது என்ற கேள்வி எழும் என்பதை அறிவேன். பயிர் செய்யும் நிலத்தைச் சுற்றிய போகவேலி கழற்றிச் செல்லக்கூடியது. உரிமை கேட்கும் உங்கள் முறையீட்டை அது எவ்விதத்திலும் தடுக்காது. ஆனால் போடுமுன் கமக்காரர் அமைப்பின் மூலம் பிரதேச செயலகத்துக்கும் வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் எழுத்தில் அறிவித்து, அதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

வேலிக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். ஒரு வேலிக்குழு, ஒரு கொப்பி, ஒரு மீற்றர். ஒவ்வொரு மாலையும் முறைக்காரர் வேலி முனையில் அளந்து திகதியுடன் எழுதவேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இத்தனை கட்டை என்று துப்புரவைப் பிரித்துக்கொள்ளலாம். கணவனை இழந்த தாய்மாரும் முதியோரும் உள்ள வீடுகளின் பங்கை அயலவர் ஏற்கட்டும். ஒருவர் பங்கில் புல் வளர்ந்தால் எல்லார் வயலிலும் யானை நிற்கும்.

விபத்து நேர்ந்தால்

எவராவது வீட்டு மின்சாரக் கம்பியில் பட்டுக் கிடந்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறந்த சம்பவங்கள் உண்டு. மின் நின்றபின், மூச்சு இல்லையானால் மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். இன்னொருவர் 1990 இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸை வரவழைக்கட்டும். அது வரும்வரை அழுத்துவதை நிறுத்தவேண்டாம்.

முடிவாக

விடுதலைப் பயண நூலில் ஒரு சட்டம் உண்டு. குழி தோண்டி அதை மூடாமல் விட்டவன், அதில் அடுத்தவனின் மாடு விழுந்து செத்தால் ஈடு கொடுக்கவேண்டும். அவன் மாட்டைக் கொல்ல நினைக்கவில்லை, தண்ணீருக்காகவே தோண்டியிருக்கலாம். ஆனாலும் பொறுப்பு அவனுடையது. மாட்டுக்கே அப்படியென்றால், இருளில் நடந்து வரும் சகோதரனுக்கு எப்படி?

அந்தத் தம்பி இப்போது தனது ஊரின் வேலிக்குழுவில் இருக்கிறார். மாலையில் மீற்றரோடு வேலி முனைக்குப் போவதில் அவர் ஒருநாளும் தவறுவதில்லை என்று ஊரவர் சொல்கிறார்கள். பன்றிக்கம்பி இழுத்திருக்கும் வீடுகளுக்கும் அவரே போய்ப் பேசுகிறார். அவர் சொல்லும்போது யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

உங்கள் ஊரில் இன்றிரவு அப்படியொரு கம்பி இழுக்கப்பட்டிருந்தால், இந்தக் கட்டுரையை வாசித்து முடித்ததும் போய் அதைக் கழற்றிவிடுங்கள். இத்தனை ஆண்டு அலைந்து திரும்பிய மண்ணில் நம்மில் ஒருவரேனும் நமது கையாலேயே மடியவேண்டாம்.